எட்டு அங்குல மயக்கம்

கதை எழுதுகிறவனுக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றுவிட்டவன் நான். சங்கீதத்தில் கொஞ்சம் கேள்வி ஞானம் உண்டு. மின்சாரத்தில் அதுவும் கிடையாது. ஆனால் என் அக்காள் தன் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி அடகுக் கடையில் வைத்த அன்று, அந்த விஷயம் என் விஷயமாகிவிட்டது. ஒரு வருஷம் அதைப் பற்றிப் படித்தேன். தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்தேன். அக்காள் மகனோடு சேர்ந்து மேஜையை நகர்த்தினேன், செங்கல் தூக்கினேன், கையைக் கீறிக்கொண்டேன். இப்போது எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. பலருக்கு அது பிடிக்காது. பிடிக்காதவர்களை உத்தேசித்தே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அக்காள் குடும்பம் குரோம்பேட்டையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறது. அத்தானுக்குக் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு வேலை. பையன் பகலில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். இரவில் கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கிறான். இது இந்தக் காலத்தில் அதிசயமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்னக் கீபோர்டு, ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் பத்துக்குப் பதினொன்று அடி அறை ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. பையனுக்கு ஞானம் இருக்கிறது என்று நான் சொன்னால் மாமன் பேச்சு என்பீர்கள், ஆகையால் சொல்லவில்லை. குறும்படம் எடுக்கும் ஒருவர் அவனைத் தேடி வந்து, பின்னணி இசை அமைத்துத் தரச் சொன்னார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்போதுதான் யோசனை சொல்கிறவர்கள் முளைத்தார்கள். ‘ஹெட்போனில் கலவை செய்தால் விளங்காது, மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும்’ என்றார் ஒருவர். கடைக்காரர் ஒரு படி மேலே போனார். ஐந்து அங்குலம் குழந்தைகளுக்காம். தொழில் செய்கிறவனுக்கு எட்டு அங்குலம்தானாம்.

“மாமா, எட்டு அங்குலம் இல்லாம பேஸே வராதாம். பெரிய ஸ்டூடியோவிலே எல்லாம் இதுக்கும் பெரிசாத்தான் இருக்காம்” என்றான் பையன்.

அக்காள் என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு தம்பி, வாங்கலாமா?”

எனக்கு என்ன தெரியும்? பையனின் கண்களைப் பார்த்தேன், “வாங்கட்டும்” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளையல் போயிற்று; ஸ்பீக்கர் வந்தது. அறையின் இரண்டு மூலைகளிலும் துவாரபாலகர்களைப் போல நின்றது. எதிர்ச் சுவரை ஒட்டிப் பையனின் நாற்காலி. போட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எல்லாருக்கும் பெருமை. பையன் இரண்டு வாரம் கண் விழித்துக் கலவையை முடித்தான். படக்காரர் அதைத் தம் காரில் போட்டுக் கேட்டார். மிருதங்கத்தின் தொப்பியைக் காணோம். வலந்தலை மட்டும் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. பாட்டு முழுவதும் சோகை பிடித்தாற்போல இருந்தது. போனில் இன்னும் மோசம். அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

பையன் என்னிடம் வந்தான். “எனக்குக் காது சரியில்லை மாமா. இது நமக்கு வராது” என்றான்.

ஐயா, என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம். வளையலை மீட்கலாம். இருபத்திரண்டு வயதுப் பையன் தன் காதின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை எந்த அடகுக் கடையில் மீட்பது? அவன் காதில் ஒரு பழுதும் இல்லை என்பதை நிரூபிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

முதலில் மானிட்டர் என்றால் என்ன என்று பார்ப்போம். ஜவுளிக் கடையில் உள்ள கண்ணாடியையும் விளக்கையும் கவனித்திருப்பீர்கள். யார் எதைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அழகாகக் காட்டும். விற்பதற்காக வைத்த கண்ணாடி அது. வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்களில் பல அந்த ஜாதி. கனத்த ஒலியைக் கொஞ்சம் கூட்டி, உச்ச ஒலிக்குக் கொஞ்சம் மினுக்கு ஏற்றி, கேட்பவரைச் சந்தோஷப்படுத்துகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் முகத்தில் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவனுக்கு அந்தக் கண்ணாடி உதவாது. உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி அவனுக்கு வேண்டும். மானிட்டர் என்பதன் லட்சணம் அவ்வளவுதான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கனத்த ஒலிக்கு ஒரு வூஃபர், மெல்லிய ஒலிக்கு ஒரு ட்வீட்டர், இரண்டையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே. இன்று சிறு அறைகளுக்கு விற்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

அப்படியானால் விலை உயர்ந்த, பெரிய, உண்மை பேசுகிற ஸ்பீக்கரை வாங்கிய பையன் ஏன் ஏமாந்தான்? அந்த ஸ்பீக்கர் உண்மைதான் பேசியது. அறை பொய் சொன்னது.

இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. யோசனை சொன்னவர்களும் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் புறப்படும் ஒலி நேராகக் காதுக்கு வருவது ஒரு பங்கு. சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பி வருவது இன்னொரு பங்கு. கனத்த ஒலியின் அலை நீளமானது. பத்து அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் ஒலி அகப்பட்டுக்கொண்டு ஊஞ்சலாடும். பதினோரு அடியானால் 52 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். பள்ளிக்கூடப் பையன் போடலாம். அக்காள் வீட்டு அறைக்கு உயரமும் பத்து அடி. ஆக மூன்று திசைகளும் ஏறக்குறைய ஒரே சுருதியில் முழங்குகின்றன. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த முழக்கம் பூதாகாரமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே ஒலி வற்றிப் போகும். போதாக்குறைக்கு ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து கனத்த ஒலியை இன்னும் ஊதிப் பெருக்கும்.

பையன் எங்கே உட்கார்ந்தான்? சுவரை ஒட்டி. ஸ்பீக்கர் எங்கே நின்றது? மூலையில். அவன் காதில் தொப்பி இடி போல விழுந்தது. ‘அதிகமாக இருக்கிறதே’ என்று குறைத்தான், மறுபடியும் குறைத்தான். அறையின் குற்றத்துக்குப் பாட்டைத் தண்டித்தான். காரில் அந்த அறை இல்லை. தண்டனை மட்டும் மிஞ்சியது. ஆக, அவன் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி நம்பியதுதான் அது செய்த பிழை.

இது புதிய கண்டுபிடிப்பா என்றால், இல்லை. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு பிரசங்க மண்டபத்தில் பேசுகிறவர் பேச்சு ஒன்றன் மேல் ஒன்றாக மோதிக் குழம்பிக் கிடந்தது. வாலஸ் ஸாபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்தது. அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழாய், நேரம் பார்க்க ஒரு கடிகாரம், தம்முடைய காது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து ஆசன மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து அடுக்குவார். குழாயை ஊதி நிறுத்தி, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று பார்ப்பார். காலைக்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவார். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான் கட்டட ஒலியியல் என்ற சாஸ்திரம். 1900-ல் திறந்த பாஸ்டன் ஸிம்பனி மண்டபம் அவருடைய கணக்கின்படி அமைந்தது. இன்றளவும் உலகத்தின் சிறந்த சங்கீத மண்டபங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது. இன்று நாம் வீட்டில் வைத்திருக்கும் மாதிரி ஸ்பீக்கர் உருவானது 1920-களில். ஸ்பீக்கருக்கு முன்பே அறையின் குணம் தெரிந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழகிய உண்மையை மறைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விற்பதை வியாபாரம் என்று சொல்லலாம். யோசனை என்று சொல்லக் கூடாது.

இனிப் பெரிய பெட்டிக்காரர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: ‘பெரிய ஸ்டூடியோக்களில் பெரிய ஸ்பீக்கர்தான் இருக்கிறது.’ வாஸ்தவம். அந்தப் பெரிய ஸ்பீக்கருக்காகவே அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். சுவருக்குள் பதித்து, பின்சுவரில் பல அடி கனத்துக்குப் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஸ்டூடியோக்களில் கலவை மேஜையின் மேல் பல்லாண்டு காலம் உட்கார்ந்திருந்தது எது தெரியுமா? யமஹா என்எஸ்-10 என்கிற சின்னப் பெட்டி. 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்தது. வீட்டு ரசிகர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கனம் போதாது, காதைக் குத்துகிறது என்றார்கள். ஒலிப்பதிவாளர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ட்வீட்டரின் கூர்மை தாங்காமல் அதன்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொண்டுகூட வேலை செய்தார்கள், அதை விடவில்லை. வெள்ளை வட்டம் தெரியும் அந்தக் கறுப்புப் பெட்டி உலகம் முழுவதும் ஸ்டூடியோக்களின் அடையாளமாயிற்று. கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் அதன் உற்பத்தி நின்றது. 2008-ல் அதற்காகத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

எதற்காக அந்த மரியாதை? ஒலியியல் ஆராய்ச்சியாளர்கள் அதை மற்ற மானிட்டர்களோடு வைத்து அளந்து 2001-ல் எழுதினார்கள். மூடிய பெட்டியாகையால் அடித்த அடி உடனே அடங்குகிறது. கனத்த ஒலி இழுத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆகவே கலவையில் எது எதை மறைக்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. கனம் குறைவு என்று வீட்டுக்காரர்கள் தள்ளிய பெட்டி, வேலை செய்கிறவனுக்கு வாய்த்த கருவியாயிற்று. இதைச் சொன்னதும் பழைய என்எஸ்-10 எங்கே கிடைக்கும் என்று தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் இன்னொரு மயக்கம்தான். உண்மை பேசும் சின்னப் பெட்டி இன்று பலரும் செய்கிறார்கள்.

இரண்டாவது வாதம்: ‘கடையில் இரண்டையும் போட்டுக் கேட்டோம், பெரியதுதான் பிரமாதமாக இருந்தது.’ இருக்கும். நம்முடைய காது கண்ணுக்கு அடிமை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களை, அதே மனிதர்களுக்கு, ஒரு தடவை திரை போட்டு மறைத்தும் ஒரு தடவை கண்ணெதிரே காட்டியும் வாசித்தார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய மலிவான சின்னப் பெட்டி, திரை விலகியதும் மதிப்பெண்ணில் விழுந்தது. காது கேட்டது மாறவில்லை. கண் பார்த்துத் தீர்ப்பை மாற்றியது. பழக்கப்பட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாழ்க்கையில் முதல்முறையாக ரிச்சித் தெருப் பக்கம் போன குரோம்பேட்டைப் பையனுக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கனத்த ஒலி சரியாக எட்டாது. சத்தம் கூடக்கூட அது நிறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் உயர்ந்தது என்று தோன்றும். கடையில் கேட்கப் போகிறவர் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். போனிலேயே சத்தத்தை அளக்கும் வசதி வந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிட அது போதும். பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போடும் பாட்டைக் கேட்கக் கூடாது. ஆயிரம் தடவை கேட்டு ஒவ்வொரு மூச்சும் மனப்பாடமான உங்கள் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வாதம் எண்களைப் பற்றியது. ‘இத்தனை வாட்ஸ், இத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும்’ என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காவதில்லை. மூன்று டெசிபெல்தான் கூடுகிறது. காதுக்கு அது சிறிய வித்தியாசம். கீழே எவ்வளவு இறங்கும் என்பதிலும் ஒரு மறைபொருள் உண்டு. யமஹா எச்எஸ்5 என்ற ஐந்து அங்குல மானிட்டரைப் பாருங்கள். பத்து டெசிபெல் குறைவதை ஒப்புக்கொண்டால் 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மூன்று டெசிபெலுக்கு மேல் குறையக் கூடாது என்றால் 74 ஹெர்ட்ஸோடு சரி. இரண்டு கணக்கையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பத்து டெசிபெல் குறைவது என்றால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தேய்ந்தாற்போல. ஆகவே எந்தப் பெட்டியானாலும், எத்தனை டெசிபெல் கணக்கில் இந்த எண் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

‘அப்படியானால் ஐந்து அங்குலத்தில் அடி ஆழம் தெரியாதே?’ என்பீர்கள். தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து அடி அறையில் எட்டு அங்குலம் வைத்தாலும் அந்த ஆழத்தின் உண்மை தெரியாது. அறை ஊதிக்காட்டும் பூதம்தான் தெரியும். இல்லாததை இல்லை என்று சொல்லும் பெட்டியோடு வேலை செய்யலாம். ஆழத்தைச் சோதிக்க ஹெட்போன் இருக்கிறது. ஹெட்போனுக்குச் சுவர் கிடையாது.

இங்கே எதிர்த் தரப்பையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். ‘ஸ்பீக்கரே வேண்டாம், எல்லாரும் போனில்தானே கேட்கிறார்கள்? எதில் செய்தால் என்ன?’ என்கிற சோம்பேறிகள் சிலர் இருக்கிறார்கள். என்னிடமே ஒருவர் வாதாடினார்: “நீங்கள் முதல் நாவலை மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் எழுதவில்லையா? கருவியா பெரிது?” எழுதினேன்தான். ஆனால் அந்த நோட்டு நான் எழுதிய ‘க’வை ‘ச’ என்று எனக்குக் காட்டவில்லை. பொய் காட்டாத வரையில்தான் கருவி சிறியதா பெரியதா என்பது முக்கியமில்லை. போன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்கிறது. கார் வேறு, டீக்கடை ஸ்பீக்கர் வேறு. அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஏற்றபடி பாட்டைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றிலும் கெடும். நடுநிலையான ஒன்றில் சரிசெய்த பாட்டுத்தான் எல்லாவற்றிலும் ஓரளவு தேறும். ஹெட்போனிலேயே முழுக் காரியமும் செய்கிறவர்கள் உண்டு, கெட்டிக்காரர்கள். ஆனால் ஹெட்போனில் இடது காதுக்கு இடது ஒலி மட்டும்தான் போகும். எதிரே இருக்கும் பாடகர் தலைக்குள் உட்கார்ந்து பாடுவார். யார் முன்னே, யார் பின்னே என்ற விஸ்தாரம் அதில் சரியாகப் பிடிபடாது. இரண்டும் வேண்டும்; ஒன்று மற்றதற்குச் சாட்சி.

‘வீட்டிலிருந்து உலகப் புகழ் பெற்றவர்கள் இல்லையா?’ என்றும் கேட்பார்கள். இருக்கிறார்கள். 1992-ல் வந்த ரோஜாவின் இசை கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைத்துக்கொண்ட கூடத்தில் உருவானது. 2019-ல் அமெரிக்கப் பெண் பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவர் அண்ணன் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் அமைத்தார்; அடுத்த வருஷம் அது கிராமியின் தலைசிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. பையன்கள் இந்தக் கதைகளைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் முன்னது முறையாக அமைத்த ஒலிப்பதிவுக் கூடம். பின்னதில் கடைசிக் கலவையைச் செய்தவர் வேறொரு நிபுணர். ஆகவே, வீடு போதும் என்பது உண்மை. வீட்டை அப்படியே விட்டால் போதும் என்பது உண்மையல்ல.

சரி, கையில் பணம் குறைவு, என்ன செய்வது? திட்டிவிட்டு நழுவுகிறவனல்ல நான். கணக்குக்காக நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி ஐந்து அங்குல மானிட்டர். பழசாக நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் நல்லது. இருபது ரூபாய், கம்ப்யூட்டரிலிருந்து ஒலியை வெளியே கொண்டுவரும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஒரு நேர்மையான ஹெட்போனுக்கும். இருபது ரூபாய் அறைக்கு. பத்து ரூபாய் கேபிளுக்கும் தாங்கிக்கும். அறைக்கு ஒதுக்கிய இருபதைத் தொடாதீர்கள். எல்லாரும் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அந்த இருபதில் என்ன செய்யலாம்? தச்சரிடம் சொல்லி நாலு அடிக்கு இரண்டு அடியில் மரச் சட்டங்கள் அடித்து, நாலு அங்குல கனத்துக்கு ராக்வூல் பலகை அடைத்து, துணி போட்டு முழுக்க மூட வேண்டும். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். என் கையைக் கேட்டால் சொல்லும். அவற்றில் சிலவற்றை மூலைகளில் நிறுத்துங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் ஒன்றை மாட்டுங்கள். முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். மெல்லிய ஃபோமையும் நம்பாதீர்கள். இரண்டும் உச்ச ஒலியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். குற்றவாளியான கனத்த ஒலி அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விடும்.

பணமே இல்லாமல் செய்யக் கூடியதும் உண்டு. ஸ்பீக்கரை மூலையிலிருந்து விலக்குங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக இருக்கட்டும். மூன்று, நாலு அடி தூரம் போதும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். தாங்கி வாங்க முடியாவிட்டால் செங்கல்லை அடுக்குங்கள். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் சம தூரத்தில் இருக்கட்டும். முதுகைச் சுவரில் ஒட்டாதீர்கள். அறையின் நட்டநடுவிலும் உட்காராதீர்கள். ஸ்பீக்கரின் முதுகில் கனத்த ஒலியைக் குறைக்கும் சிறு சுவிட்ச் இருந்தால், சுவர் பக்கத்தில் இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். சத்தத்தை அளவாக வையுங்கள். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதற்கு மேல் மூன்று டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாக வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் வகுத்த வரம்பு. சின்ன அறையில் அதைவிடக் குறைவாகவே வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

கடைசியாக, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று: பழக்கம். புதுப் பெட்டி வந்ததும் உங்கள் பாட்டைக் கலக்க உட்காராதீர்கள். ஒரு மாதம் மற்றவர்கள் பாட்டைக் கேளுங்கள். நன்றாகச் செய்த பாட்டு உங்கள் அறையில் எப்படி ஒலிக்கிறது என்பது நெஞ்சில் பதிய வேண்டும். அதற்குப் பிறகு பெட்டியின் சிறு குறையும் உங்களை ஏமாற்றாது. குறைகளோடேயே என்எஸ்-10-ஐ வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை வேலை செய்தது இப்படித்தான்.

நாங்களும் இதையெல்லாம் செய்தோம். எட்டு அங்குலப் பெட்டிகளை நஷ்டத்துக்கு விற்றோம். பழைய ஐந்து அங்குல ஜோடி ஒன்று கிடைத்தது. ராக்வூல் சட்டம் நாலு அடித்தோம். ஐந்தாவது சட்டத்துக்குப் பணம் இல்லை. அக்காள் தன் இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாத்தினாள். ஸாபின் மெத்தை சுமந்த கதையை அவளிடம் சொன்னேன். “ராத்திரி படுக்க மெத்தை திரும்பி வந்துடணும், அவ்வளவுதான்” என்றாள். பையன் பழைய பாட்டையே எடுத்து மறுபடி கலந்தான். கம்ப்யூட்டரில் தான் குறைத்து வைத்திருந்த கனத்த ஒலியைப் பார்த்து அவனே திகைத்துப் போனான். அதே காது, அதே பாட்டு. காரில் போட்டோம். தொப்பி கேட்டது.

பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். அறை இன்னும் சின்ன அறைதான். 50-க்கும் 60-க்கும் நடுவே இன்னும் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. பையனுக்கு அது தெரியும். அந்த இடத்தில் ஹெட்போனைக் கேட்டுக்கொள்கிறான். அந்தக் குறும்படக்காரர் திரும்பி வரவில்லை. வேறொருவர் வந்திருக்கிறார்.

இந்த விஷயத்தில் நான் கோபப்படுவதற்குக் காரணம் ஸ்பீக்கர் அல்ல. பாட்டு அமைக்க ஆசைப்படும் ஒவ்வொரு நடுத்தரக் குடும்பத்துப் பையனிடமும், பெண்ணிடமும், ‘முதலில் கடன் வாங்கு, அப்புறம் கலை’ என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தவணைச் சீட்டு நீட்டுகிறவர் அதில் ஒருவர். தாம் வாங்கிய பெட்டியின் விலையைத் தம் ஞானத்தின் அளவென்று நினைக்கும் ரசிகர் இன்னொருவர். வாங்கிய பெட்டி கைகொடுக்காதபோது, அறையைப் பார் என்று சொல்ல அவர்களில் ஒருவரும் வருவதில்லை; பையன் தன்னையே நொந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறான். இப்படி எத்தனை பேர் தங்கள் காதைக் குறை சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரை மூடியிருப்பார்கள்? அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு எழுந்து போய், ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு அடி நகர்த்திப் பார்த்தால் எனக்குப் போதும்.

வளையலைக் கேட்கிறீர்களா? ஒன்றை மீட்டுவிட்டோம். இன்னொன்று இன்னும் கடையில்தான் இருக்கிறது.